எடை சரியாத்தான் இருக்கு

நிறுவனத்தைக் கடை என்று சொல்லக் கூடாது. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டே கோபிப்பார்கள், அதற்கென்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். "மன்னிக்கணும், இது கடை இல்லீங்க, அனுபவ நிலையம்." வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிற இடம். நாலு சுவர், தட்டுத் தட்டாக அலமாரி, குறுக்கே ஒரு மேசை. இதற்குள் என்ன அனுபவம் வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அதற்கும் பல்லைத்தான் காட்டுவார்கள்.

நான் டிவியும் கேசட் ஓட்டுகிற டெக்கும் ரிப்பேர் பார்க்கிறவன். நிறுவனம் வளர்ந்த கதை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அது முதலில் விழுங்கிய கடைகளில் ஒன்று என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் தம்பியுடையது. அவன் ஒன்றும் உத்தமன் இல்லை. அவன் கடையில் பாதிக் கேசட்டுக்கு உறை கிடையாது, மீதி உறைக்குள் வேறு படம் இருக்கும். காதல் படம் என்று எடுத்துப் போனால் வீட்டில் பேய் வரும். திரும்பிப் போய்க் கேட்டால், "பேய்ப் படம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்பான். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் நிறுவனர் அவன் கடைக்குள் வந்தார்.

நிறுவனர் அதுவரை ஆணி வியாபாரி. இரும்பு ஆணி. மகனுக்குக் கேசட் எடுக்க வந்தவர், ஒருத்தர் கேசட்டைத் திருப்பிக் கொடுப்பதையும் அதே கேசட்டை அடுத்தவர் வாங்கிப் போவதையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம். "ஆணியை ஒரு தடவைதான் விக்க முடியும். இதை வித்தா, வாங்கினவனே கொண்டுவந்து மறுபடி நம்ம கையில கொடுக்கறான். அதுக்கு அவனே நன்றி வேற சொல்றான். இப்படி ஒரு வியாபாரம் இருக்குன்னு இத்தனை நாளா எனக்கு ஒருத்தனும் சொல்லலையே!" என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் மச்சானின் கடை அவருடையது. மச்சான் அதே மேசைக்குப் பின்னால் டை கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பதவியின் பெயர் 'உறவாளர்'.

அப்புறம் பிடித்தது வளர்ச்சி. தெருவுக்குத் தெரு கிளை. பிறகு தெருவின் இரண்டு பக்கமும் கிளை, எதிர்ப்பக்கத்துக்காரர்கள் ரோட்டைக் கடந்து சிரமப்படக் கூடாதாம். இட்லிக்கு மாவு புளிப்பதற்குள் ஒரு கிளை முளைத்துவிடும். கிளை முளைத்த வேகத்துக்குக் கேசட் முளைக்கவில்லை, அதுதான் சங்கடம். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். திறப்பு விழா நடக்கிற கிளைக்கு மற்றக் கிளைகளிலிருந்து வேனில் கேசட் வரும். அலமாரி நிறைந்து வழியும். ரிப்பன் வெட்டி, கை தட்டி, போட்டோ எடுத்ததும் கேசட் எல்லாம் உறையோடு அடுத்த திறப்பு விழாவுக்கு வேன் ஏறிவிடும். மறுநாள் முதல் அந்தக் கிளையில், உள்ளே ஒன்றுமில்லாத வேறு உறைகள் அழகாக அடுக்கியிருக்கும்.

விதிகள் வேறு. உறவாளர் காலடியில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது அவன் நிறுவனம். என்னையே "மதிப்புக்குரிய உறுப்பினரே, வருக" என்பான். கோட்டைத் தாண்டி வந்தால், "மாமா, அக்கா குழம்பு வச்சிருக்காளா?" என்பான். சம்பளம் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் என்பதால் பெரும்பாலும் அங்கேயே நின்றான்.

முக்கியமான விதி எடை. ஆணி விற்ற கையல்லவா? திரும்பி வரும் உறையைத் திறந்து பார்க்கக் கூடாது, திறப்பது உறுப்பினரைச் சந்தேகிப்பதாகும். தராசில் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால், "எடை சரியா இருக்கு. மீண்டும் அனுபவிக்க வாங்க" என்று வழியனுப்ப வேண்டும். கேசட்டின் மேல் இருந்த லேபிளை எல்லாம் உரித்து எறிந்துவிட்டார்கள். லேபிள் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எடை ஒரு மாதிரி இருக்க மாட்டேன் என்கிறதாம். படத்தின் பெயர் உறையில் மட்டும் இருக்கும். உள்ளே இருப்பது மொட்டைக் கறுப்பு டப்பா.

இந்தப் பைத்தியக்காரத்தனத்தில் போய் மாட்டிக்கொண்டவர் எங்கள் டிரைவர் அண்ணன்.

என் பட்டறைக்குப் பக்கத்து வீடு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஜனங்கள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே நேராகப் பார்த்து ஓட்டிய மனுஷன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அண்ணி அவருக்கும் சேர்த்துப் பேசுவார். அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் மிக்ஸிச் சத்தம்கூடக் கேட்காமல் போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் சுவர் வழியாகச் சத்தம் வரும். மகள் கல்யாணக் கேசட்டைப் போடுவார்.

அண்ணிக்குக் கேமரா என்றாலே ஆகாது, யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒளிந்துகொள்வார். அதனால் அவ்வளவு நீளக் கேசட்டில் அண்ணி வருவது ஒரே ஒரு இடம்தான். மீதியெல்லாம் பூ அலங்காரம், வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்பு, மாப்பிள்ளை வீட்டாரின் கொட்டாவி. சாப்பாட்டுக் கூடத்தில் கேமராக்காரன் திடீரென்று அண்ணி முகத்தில் லைட்டை அடிக்கிறான். அண்ணி கையில் தண்ணீர்க் குவளை. "அட, அந்த லைட்டைத் திருப்புய்யா, கண்ணு கூசுது. என்னை எதுக்குப் பிடிக்கற? பொண்ணைப் போய்ப் பிடி." அப்புறம் ஓரமாக நிற்கிற அண்ணனைப் பார்த்து, "இங்க என்ன கம்பமாட்டம் நிக்கறீங்க? சாப்பிட்டீங்களா?" அண்ணன் தலையாட்டுகிறார். அண்ணி தலையை இடது பக்கம் சாய்த்து, "பொய் சொல்லாதீங்க!" அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அண்ணி நடமாடிப் பேசியது இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

ஒரு முறை மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் அண்ணனின் உறுப்பினர் அட்டையில் நிறுவனத்திலிருந்து ஒரு சண்டைப் படம் எடுத்து வந்தான். கதாநாயகன் ஓடுகிற ரயிலோடு மல்லுக்கட்டுவானாம், ரயில் தோற்றுப் போகுமாம். அவர்கள் ஊருக்குப் போனதும், கல்யாணக் கேசட்டிலும் லேபிள் இல்லாததால் ஒரே மாதிரி மேசையில் கிடந்த மொட்டைக் கறுப்பு டப்பா இரண்டில் ஒன்றை எடுத்து அண்ணன் ரயில் உறைக்குள் போட்டார். கொண்டுபோய்க் கொடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவர் வழியாக ரயில் கூவியது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. கையில் கேசட்.

"தம்பி, உங்க அண்ணியைக் கொண்டுபோய்க் கடையில கொடுத்துட்டேன்."

போட்டது போட்டபடி கிடக்க, அவரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். மச்சான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். ஓரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மதிப்புக்குரிய உறுப்பினரே, வருக."

"வருகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அண்ணன் கேசட்டை மாத்திக் கொடுத்துட்டாரு. இந்தா உங்க ரயிலு. அவர் கேசட்டை எடு."

மச்சான் மேற்பார்வையாளரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "உறுப்பினர் ரயில் படத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாருங்க. எடை சரியா இருந்துச்சு. அதனால உங்க கையில இருக்கறது ரயில் படமா இருக்க முடியாதுங்க."

"போட்டுப் பாரேன்டா."

மேற்பார்வையாளர் பல்லைக் காட்டினார். "போட்டுப் பார்க்கறது நடைமுறையில இல்லீங்க. ஒருவேளை இது எங்க ரயில் படம்தான்னு நீங்க உறுதியாச் சொன்னா, படத்தைத் திருப்பாம வச்சிருக்கீங்கன்னு ஆகும். அப்ப உறுப்பினர் உரிமையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். உறுதியாச் சொல்றீங்களா?"

அண்ணன் பொய் பேசிப் பழகாதவர். "ஆமாங்கய்யா, இதுதான் ரயிலு" என்றார்.

அந்த நிமிஷமே அவருடைய உரிமையை நிறுத்திவிட்டார்கள். நன்றாகக் கவனியுங்கள். அவர் கேசட் மாறிவிட்டது என்று சொன்னதை நிறுவனம் நம்பவில்லை. அவருக்குக் கெடுதல் வருகிற அளவுக்கு மட்டும் நம்பியது.

வெளியே வந்ததும் மச்சான் பின்னாலேயே கோட்டைத் தாண்டி ஓடி வந்தான். "அண்ணே, மன்னிச்சுக்குங்க. அந்தாளு நின்னான். உங்க கேசட்டு காலையிலேயே வேன்ல போயிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை ஆத்துப் பாலத்துக்கிட்ட ஒரு திறப்பு விழா இருக்கு. அங்க இருக்கும். போய் நிறுவனரையே கேளுங்க, நல்ல மனுஷன்தான்னு சொல்றாங்க."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. போனோம்.

திறப்பு விழாவில் கூட்டம் நெரிந்தது. முக்கால்வாசி மற்றக் கிளைகளின் உறவாளர்கள். கேசட்டோடு அவர்களையும் வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். நிறுவனர் மைக்கைப் பிடித்தார். குள்ளமான, சந்தோஷமான ஆள்.

"அன்பான உறுப்பினர்களே! ஒரு உண்மையைச் சொல்றேன். நான் இதுவரைக்கும் ஒரு படம்கூட முழுசாப் பார்த்ததில்லை. உக்காந்தா தூக்கம் வந்துருது. அதனாலதான் எனக்குப் பாரபட்சம் கிடையாது. நல்ல படம், மோசமான படம்னு நான் பிரிச்சுப் பார்க்கறதில்லை. தராசும் பார்க்கறதில்லை. சில பேரு கேக்கறாங்க, தெருவுக்கு ஒரு கிளை போதாதான்னு. நான் கேக்கறேன், போதும்னு நிறுத்தினா அதுக்குப் பேரு வளர்ச்சியா? ஜனங்க படம் பார்க்க வர்றாங்கன்னு நினைக்கறது பழைய காலத்து வியாபாரம். ஜனங்க நம்ம கிளையைப் பார்க்க வர்றாங்க. படம் இருந்தா சந்தோஷம். இல்லேன்னா உறை இருக்கு. உறையில எல்லாக் கதையும் எழுதியிருக்கே, அப்புறம் என்ன?"

உறவாளர்கள் கை தட்டினார்கள். அதற்கும் பயிற்சி இருந்திருக்க வேண்டும், எல்லாரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

அண்ணன் பேச்சைக் கேட்கவில்லை. அலமாரியில் ரயில் உறையைக் கண்டுபிடித்து அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டியதும் காவலாள் பிடித்துக்கொண்டான். "பெரியவரே, இன்னிக்கு எதையும் எடுக்கக் கூடாது. இன்னிக்குத் திறப்பு விழா." சத்தம் கேட்டு நிறுவனரே வந்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். சம்சாரம், சாப்பாட்டுக் கூடம், லைட்டு, எல்லாம்.

நிறுவனர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "எத்தனை பேரு தங்க வீட்டுக் கேசட்டு நம்ம அலமாரியில நிக்காதான்னு ஏங்கறாங்க தெரியுமா? உங்க சம்சாரத்துக்கு இடம் கிடைச்சிருக்கு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க." போட்டோக்காரனைக் கூப்பிட்டு அண்ணனோடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். விழா முடிந்தது. எங்கள் கண் முன்னாலேயே ரயில் உறை வேன் ஏறியது.

திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணன் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் காலை மட்டும் அழுத்திக்கொண்டு வந்தார்.

என்னுடைய உறுப்பினர் அட்டையை வைத்து ரயில் படத்தை எடுத்துவிடலாம் என்று கிளை கிளையாக அலைந்தேன். போகிற இடமெல்லாம், "வெளியில போயிருக்குங்க." காரணம் சில நாளில் தெரிந்தது. முதலில் எடுத்துப் போனவர்கள் சண்டை எப்போது வரும் என்று கடைசிவரை பார்த்திருக்கிறார்கள். வரவில்லை. திரும்பி வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். "எடை சரியா இருக்கே?" என்று பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டில் சொல்ல, பக்கத்து வீடு ரயில் படத்தைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க, ஊரே பார்க்க ஆரம்பித்துவிட்டது. பூவையும் செருப்பையும் ஓட்டிவிட்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்களாம். யாருக்கு யாரைப் பார்த்தது போலிருந்ததோ, எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களாம்.

காய்கறி வாங்கப் போன அண்ணனைத் தெரியாத பெண் ஒருத்தி நிறுத்தினாள். "நீங்க அந்தக் கல்யாணப் படத்துல தலையாட்டறவருதானே? உண்மையைச் சொல்லுங்க, அன்னிக்குச் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றார் அண்ணன்.

"அதான் எனக்குத் தெரியுமே! எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அண்ணன் அதை என்னிடம் வந்து சொன்னபோது பெருமைப்படுகிறாரா, அழப்போகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கேசட்டைக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். கையில் ரயில் கேசட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். நானும் போனேன்.

பெரிய கண்ணாடிக் கட்டடம். தர அதிகாரி என்று ஒரு அம்மா, அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம்: காப்பி எடுப்பது திருட்டு. அவர் எங்களுக்குக் காப்பித் தண்ணி வரவழைத்தார். ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்தார்.

"உங்க நடிப்பு ரொம்ப இயல்பா இருக்குன்னு எல்லாக் கிளையிலயும் சொல்றாங்க."

"நான் நடிக்கலீங்கம்மா."

"அதான் இயல்பா இருக்கு. அந்தம்மாவும் அப்படித்தான். ஆனா ஒரு குறை. கேமராவை நேராப் பார்த்துட்டாங்க. அடுத்த பாகத்துல அதைச் சரி பண்ணிக்கலாம். அவங்களை எப்பக் கூட்டிட்டு வர முடியும்?"

"அவ செத்துப் போயிட்டாம்மா."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். மனசு இளகிவிட்டது என்று நான் நினைத்தேன், புத்தி கெட்டவன். "அப்ப அடுத்த பாகம் கஷ்டம்தான்" என்றார். "ஆனா ஒரு நல்லது, இருக்கற பாகத்துக்கு மதிப்பு கூடிடும்."

அண்ணன் துணியைப் பிரித்து ரயில் கேசட்டை மேசைமேல் வைத்தார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா. இதை வச்சுக்கிட்டு அதைக் கொடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை வந்தா கையும் ஓடலை, காலும் ஓடலை."

"நடிச்சவங்களுக்குப் படம் சொந்தம் ஆகாதுங்க."

"அப்ப ஒரு காப்பியாவது எடுத்துக் கொடுங்க. அசலை நீங்களே வச்சுக்கோங்க."

அந்த அம்மா நாற்காலியில் பின்னால் சாய்ந்து, சுவரிலிருந்த படத்தை விரலால் காட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்ட முகம். "பெரியவரே, உங்க வயசுக்கு இப்படிக் கேக்கலாமா? காப்பி எடுக்கறது திருட்டு. அடுத்தவங்க சொத்து மேல நிறுவனத்துக்கு ரொம்ப மரியாதை உண்டு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை. சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். "திருடன் யாருன்னு கண்ணாடியைப் பார்த்தாத் தெரியும்" என்று கத்திவிட்டேன். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. யாருக்கும் எதுவும் தெரிந்ததாகத் தெரியவில்லை. காவலாள் வந்து எங்களை மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டான்.

"விடு தம்பி" என்றார் அண்ணன். "டிப்போவில ஒரு நாள் லீவு கேட்டா இதைவிட அலைக்கழிப்பானுங்க." ரயில் கேசட்டைத் துணியில் மறுபடி சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

இதற்கு மேல் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே மச்சான் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்து முனகிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"தலைமை அலுவலகத்துல பயிற்சி கொடுத்தாங்க மாமா. இனிமே 'மதிப்புக்குரிய உறுப்பினரே' கிடையாது. புது வரவேற்பு." தொண்டையைச் செருமிக்கொண்டான். "'சாப்பிட்டீங்களா? பொய் சொல்லாதீங்க!' 'பொய்'னு சொல்றப்போ தலையை இடது பக்கம் சாய்க்கணும். எனக்கு வலது பக்கமே போகுது."

என் மனைவி கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். "வெட்கமா இல்லையாடா உனக்கு? அந்த அக்கா கையால எத்தனை நாள் சோறு தின்னிருக்க?"

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்? சொல்லலேன்னா வேலை போயிடும்" என்றான். தலை தானாகவே இடது பக்கம் சாய்ந்தது.

எல்லாக் கிளையிலும் அதுவே வரவேற்பாகிவிட்டது. தடித்த மீசைக்காரன் ஒருத்தன் சொன்னான். மூக்கடைப்புக்காரன் ஒருத்தன் சொன்னான். சாப்பிட்டேன் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய்; யார் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் கேட்கவே இல்லை. ஆத்துப் பாலத்துக் கிளையில் அதையே ஒலிபெருக்கியில் போட்டு ரோட்டில் போகிறவர்களை எல்லாம் பொய்யர்கள் ஆக்கினார்கள்.

அண்ணனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. உரிமையைத் திரும்பத் தரும்படி ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு காலையில் அவராகவே எங்கள் தெருமுனைக் கிளைக்குப் போயிருக்கிறார். மச்சான் கோட்டுக்கு அந்தப் பக்கம். அதே மேற்பார்வையாளர் ஓரத்தில். கதவைத் திறந்து உள்ளே வந்தது யார் என்று பார்த்ததும் மச்சான் குனிந்து தராசைத் துடைக்க ஆரம்பித்தான். மேற்பார்வையாளர் விரலைச் சொடுக்கினார்.

மச்சான் சொன்னான். அண்ணன் முகத்தைப் பார்த்து, தலையை இடது பக்கம் சாய்த்து, அந்த இரண்டு வரியையும் சொன்னான்.

அண்ணன் திட்டவில்லை. ஏன்டா என்றுகூடக் கேட்கவில்லை. "இன்னும் இல்லப்பா" என்று பதில் சொன்னாராம். சொல்லிவிட்டு, வந்த வேலை என்ன என்பதே மறந்துபோனவராகத் திரும்பி நடந்தாராம்.

மச்சான் மத்தியானம் என் பட்டறைக்கு வந்து, டையைக் கழற்றி ஸ்டூல்மேல் போட்டுவிட்டுக் குமுறிக் குமுறி அழுதான். அவன் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கடை போனபோதுகூட அழாதவன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "மாமா, வீட்டுல சோப்பு இருக்கா?" என்றான்.

"முகம் கழுவவா?"

"கேசட்டு எடைக்கு."

குளிக்கிற சோப்பு எடை பற்றவில்லை. துணிச் சோப்பைக் கத்தியால் வெட்டிச் சேர்த்தோம். என் மனைவி, "புதுச் சோப்புடா பாவிங்களா" என்று கத்திக்கொண்டே இன்னொரு துண்டும் எடுத்துக் கொடுத்தாள். செம்புக் கம்பி நிறுக்கிற என் பட்டறைத் தராசில் வைத்து, ரயில் கேசட்டை ஒரு பக்கம், சோப்பை ஒரு பக்கம் என்று சீவிச் சீவிச் சரி பண்ணினோம். ரயில் கேசட்டையே உள்ளே வைத்துவிடலாமே என்று நான் கேட்டேன். "அவங்களுக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம் மாமா" என்றான் மச்சான். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வார வேன் சுமையை அடுக்குகிற முறை அவனுடையது. ரயில் உறை அவன் கைக்கு வந்தது. கல்யாணக் கேசட்டை உருவிக்கொண்டு, உள்ளே சோப்பைப் போட்டுத் தராசில் வைத்தான். பச்சை விளக்கு. உறவாளர்கள் கை தட்டாததுதான் குறை. அந்தச் சோப்பு இன்னும் எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்குப் போய்க்கொண்டிருக்கிறதோ. எடுத்துப் போய்த் திட்டுகிறவர்களிடம் என்ன பதில் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் அண்ணன் வீட்டுக்குக் கேசட்டோடு போனோம். அண்ணன் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, சட்டையில் துடைத்தார். மச்சானின் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். டெக்கில் போட்டார்.

பூ அலங்காரம் வந்தது. பளிச்சென்று, நேற்று எடுத்தது போல. செருப்புகள் வந்தன, ஒவ்வொரு வாரும் தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொட்டாவி விட்டார்கள். அண்ணன் வழக்கமாக அதையெல்லாம் ஓட்டிவிடுவார். அன்றைக்கு ஓட்டவில்லை, எல்லாவற்றையும் பார்த்தார். கேமரா சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார்.

திரையில் கோடு விழுந்தது. ஒன்று, பிறகு பல. பிறகு வெள்ளைப் புள்ளியாகக் கொட்டியது. அதற்குள் லைட்டு மாதிரி ஏதோ, குவளை மாதிரி ஏதோ. சத்தம் தாளைக் கசக்குவது போல் வந்தது. அதற்குள் எங்கேயோ ஒரு பொம்பளைக் குரல் இருந்தது, ஆனால் யாருடைய குரல் என்று சொல்ல முடியாது. அப்புறம் சட்டென்று படம் தெளிந்தது. ஓரத்தில் அண்ணன் நிற்கிறார். அண்ணி நகர்ந்துபோன பிறகும், யாருமே இல்லாத பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் தொழில் அது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அப்படியே நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், நாடாவைப் படிக்கிற டெக்கின் ஹெட் அந்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருக்கும். நாடாவின் மேல்பூச்சு உதிர்ந்துவிடும். ஊரே ஆசையாகப் பார்த்துப் பார்த்து அண்ணியைத் தேய்த்து எடுத்துவிட்டது. அவர்களைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. நிறுவனத்தைத் திட்டினேன், மனசுக்குள் என்னென்ன வார்த்தை இருந்ததோ அத்தனையையும் சொல்லித் திட்டினேன். மச்சான் எழுந்து வெளியே போய்விட்டான்.

"ஹெட்டுல அழுக்கு சேர்ந்திருக்கும் தம்பி" என்றார் அண்ணன். "ரொம்ப நாளா போடலையில்ல. தொடைச்சுப் பாரு."

அழுக்கு இல்லை. அழுக்கென்றால் பூவிலும் செருப்பிலும் தெரிந்திருக்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பட்டறைக்குப் போய்ப் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து வந்தேன். டெக்கின் மூடியைக் கழற்றித் துடைத்தேன். கேசட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டோம். புள்ளி கொட்டியது, தாள் கசங்கியது, அண்ணன் தலையாட்டினார்.

"சரியாத் தொடைச்சியா?"

"தொடைச்சேண்ணே."

"அவசரப்படாத. நிதானமாத் தொடை. எனக்கு ஒண்ணும் வேலை இல்லை, நான் உக்காந்திருக்கேன்."

பஞ்சை மறுபடியும் நனைத்தேன்.